ஹால்பர்ட்: காம்பிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஹால்பர்ட் என்பது ஆள் உயரத்தைத் தாண்டிய மரக்காம்பு. தலையில் ஒரு கோடாரி அலகு, அலகின் முதுகில் ஒரு கொக்கி, உச்சியில் ஓர் ஈட்டி முனை. மொத்த நீளம் சுமார் 2 மீட்டர், எடை 2 முதல் 3 கிலோ. 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை சுவிஸ், தென் ஜெர்மனிக் காலாட்படைகளின் கையில் அதிகம் புழங்கியது. பெயரே பாதி விளக்கம் தந்துவிடும்: பழைய ஜெர்மனில் 'ஹால்ம்' தண்டு, 'பார்ட்டே' அகன்ற கோடாரி.

அருங்காட்சியகத்தில் இதன் முன் நிற்பவர்கள் எல்லோரும் இரும்பைத்தான் பார்ப்பார்கள். அலகைப் படம் எடுப்பார்கள், காம்பை வெட்டிவிடுவார்கள். கையில் எடுத்துப் பழகுகிறவர்களுக்கோ முதல் வாரத்திலேயே புரிந்துவிடும்: தடுப்பது, தள்ளுவது, நெம்புவது என்று பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்வது காம்பு. இரும்பு கடைசி நொடியில்தான் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் காம்பைச் சுற்றியே போகும்.

## உறுப்புகள்

தலையில் மூன்று வேலைக்கு மூன்று உறுப்பு: வெட்ட அலகு, இழுக்கக் கொக்கி, குத்த முனை. தொடக்ககால ஹால்பர்ட்டில் கொக்கியே கிடையாது. நீண்ட கோடாரி அலகின் மேல் மூலை கூராக நீண்டிருக்கும்; பின்பக்கம் இரண்டு வளையக் கண்கள், அவற்றுக்குள் காம்பு நுழையும். 15-ஆம் நூற்றாண்டில்தான் கொக்கி நிலைபெற்று, முனையும் காம்பின் நேர்கோட்டுக்கு வந்தது. முனை நேராக நின்றால்தான் குத்தின் விசை சிதறாமல் முன்னே போகும்.

தலையிலிருந்து காம்பின் பக்கங்களில் இறங்கும் நீண்ட இரும்புப் பட்டைகளைக் கவனியுங்கள். ஆணிகளால் காம்போடு அறைந்திருப்பார்கள். எதிரியின் வெட்டு விழுந்து தலை தனியாகப் போய்விடாமல் காப்பது ஒரு வேலை. அடியின் அதிர்ச்சியைக் கழுத்துப் பகுதியில் ஒரே இடத்தில் விழவிடாமல் பரப்புவது இன்னொரு வேலை. ஆணிகளை ஒரே நேர்கோட்டில் அறைந்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

காம்பின் அடிமுனையில் சிலவற்றுக்கு உலக்கைப் பூண் போல ஓர் இரும்புப் பூண் இருக்கும். இந்த முனையை வால் என்று வைத்துக்கொள்வோம். 15-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் போர்க்கோடாரிப் பயிற்சி ஏடு ஒன்றும் இதற்கு வால் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. பல பாடங்கள் வாலை எதிரியை நோக்கி முன்னே வைத்துத்தான் தொடங்குகின்றன.

காம்பின் குறுக்குவெட்டு பெரும்பாலும் எண்கோணம், அல்லது விளிம்பு தட்டிய செவ்வகம். அழகுக்காக அல்ல. உருண்டைக் கம்பைப் பிடித்தால் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது. விளிம்பு உள்ள காம்பில், இருட்டிலும் நெரிசலிலும் விரலே சொல்லிவிடும்.

## ஏன் பிறந்தது, எங்கே மாட்டிக்கொண்டது

1302 ஜூலை 11 அன்று கோர்ட்ரே நகருக்கு வெளியே ஃபிளாண்டர்ஸ் நகரப் படைகள், நெடு ஈட்டிகளையும் முள் பொருத்திய தடிகளையும் ஊன்றி நின்று பிரெஞ்சு வீரக்குடிக் குதிரைப்படையை உடைத்தன. 1314-இல் பானக்பர்னில் ஸ்காட்லாந்து ஈட்டிக்காரர்கள் ஆங்கிலேயருக்கு அதையே செய்தார்கள். நீண்ட காம்பும் கலையாத அணியும் இருந்தால் குதிரை அஞ்ச வேண்டிய ஒன்றல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஹால்பர்ட்டின் பெயர் பரவியது 1315 நவம்பர் 15 அன்று, இன்றைய சுவிட்சர்லாந்தின் மோர்கார்ட்டனில். ஏகரி ஏரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே குறுகிய பாதையில் ஆஸ்திரியப் பிரபு முதலாம் லியோபோல்டின் படை நீண்ட வரிசையாகப் போனபோது, ஷ்வீஸ் பகுதிக்காரர்களும் கூட்டாளிகளும் மேலிருந்து பாய்ந்தார்கள். சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய விண்டர்தூர் ஜான் என்ற துறவி, அவர்கள் கையிலிருந்த ஆயுதத்தை ஹால்பர்ட் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். குறுகிய பாதையில் குதிரைக்கு வேகம் எடுக்க இடமில்லை. நின்றுபோன குதிரைமேல் இருப்பவனை அலகின் நீண்ட மூலை கீழே இழுக்கும். கீழே விழுந்தவனை அலகு பார்த்துக்கொள்ளும். 1386 ஜூலை 9 அன்று செம்பாகில் ஆஸ்திரியப் பிரபு மூன்றாம் லியோபோல்டு செத்ததும் இந்த வகைப் படையின் கையில்தான். ஈட்டிகளைத் தன் மார்பில் வாங்கி வழி திறந்த விங்கல்ரீட் பற்றிய கதை பிற்காலத்தில் சேர்ந்தது. அதை வைத்துப் போர்முறையைப் புரிந்துகொள்ள முயல வேண்டாம்.

சுவிஸ் ஹால்பர்ட் அணிக்கு அடி விழுந்தது 1422 ஜூன் 30, அர்பேடோவில். மிலான் தளபதி கார்மன்யோலா முதலில் குதிரைப்படையை ஏவினார். ஹால்பர்ட் அணி அதைத் தாங்கியது. பிறகு கவசக்காரர்களைக் குதிரையிலிருந்து இறக்கி, நீண்ட ஈட்டிகளோடு நடந்து போகச் சொன்னார். ஹால்பர்ட் எட்டுவதற்கு முன்பே ஈட்டி எட்டியது. அதன் பிறகு சுவிஸ் அணிகளில் 4.5 முதல் 5.5 மீட்டர் நீளமுள்ள நெடு ஈட்டிகள் பெருகின. ஹால்பர்ட் அணியின் நடுவே, கொடிகளைச் சுற்றி ஒதுங்கியது. ஒதுங்கினாலும் ஓய்ந்துவிடவில்லை. 1476-இல் கிரான்சன், மூர்ட்டன், 1477 ஜனவரி 5-இல் நான்சி ஆகிய மூன்று போர்களிலும் சுவிஸ்காரர்கள் இடம்பெற்ற படைகளிடம் பர்கண்டிப் பிரபு சார்லஸ் தோற்றார். நான்சியில் அவர் உடல் இரண்டு நாள் கழித்து உறைந்த ஓடையருகே, மண்டை பிளந்து கிடைத்தது. ஹால்பர்ட் வெட்டு என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 1485-இல் பாஸ்வர்த்தில் மடிந்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-இல் லெஸ்டரில் கிடைத்தபோது, மண்டையோட்டின் அடியில் இருந்த பெரிய காயத்துக்கும் ஹால்பர்ட் போன்ற காம்பாயுதமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

நீளம்தான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு 1513 செப்டம்பர் 9, ஃபிளாடன் போர் நல்ல மருந்து. ஸ்காட்லாந்துப் படை நெடு ஈட்டிகளோடு சரிவில் இறங்கியது; அடிவாரச் சேற்றில் கால் மாட்டி வரிசை குலைந்தது. வரிசை குலைந்த நெடு ஈட்டி வெறும் பாரம். ஆங்கிலேயர் அரிவாள் அலகு கொண்ட குட்டையான பில் ஆயுதங்களோடு உள்ளே புகுந்து வெட்டினார்கள். மன்னர் நான்காம் ஜேம்ஸும் அங்கேயே மாண்டார். 1522 ஏப்ரல் 27 அன்று பிக்கோக்காவில் பள்ளச் சாலைக்கும் மண்மேட்டுக்கும் பின்னாலிருந்து துப்பாக்கிகள் சுட, சுவிஸ் தரப்பில் சுமார் 3,000 பேர் விழுந்தார்கள். அங்கிருந்து ஹால்பர்ட் மெல்ல அதிகாரியின் அடையாளச் சின்னமாக, காவலாளியின் கைத்தடியாக மாறியது. 1506-இல் தொடங்கிய வத்திக்கான் சுவிஸ் காவற்படை இன்றும் அதை ஏந்துகிறது.

## எது ஹால்பர்ட், எது இல்லை

காம்பாயுதங்கள் ஒன்றுபோலவே தோன்றும். பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் அலகு கோடாரியா, கத்தியா? கோடாரி அலகு, கொக்கி, முனை மூன்றும் இருந்தால் ஹால்பர்ட். ஒற்றைக் கத்தி நீண்டு நின்றால் கிளேவ். அரிவாள் போல முன்னே வளைந்த அலகோடு முனையும் முள்ளும் சேர்ந்தால் பில்; ஐரோப்பிய விவசாயி வேலி கழிக்கும் வெட்டுக்கத்தியே காம்பேறிய கதை அது. நம் ஊர்த் தொரட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பம் சட்டென்று பிடிபடும். இருபுறமும் கூரான அகன்ற ஈட்டி அலகும் அடியில் சிறு காதுகளும் இருந்தால் பார்ட்டிசன். கோடாரிக்குப் பின்னால் கொக்கிக்குப் பதில் சுத்தியல் இருந்தால் போலாக்ஸ். கவசம் பூண்ட வீரக்குடியினர் நேருக்கு நேர் மோதப் பயன்படுத்தியது, காம்பும் குட்டை.

ஹால்பர்ட்டின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். வளையக் கண்களும் நேர் அலகும் பழையவை. அலகின் வெட்டுவிளிம்பு பிறைபோல உள்வளைந்து, நீளமான மெல்லிய முனையும் பூவேலைத் துளைகளும் வந்துவிட்டால் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்கும் பின், பெரும்பாலும் அணிவகுப்புக்கானது. காம்பை மட்டும் நம்பாதீர்கள். இரும்பு பிழைத்திருக்கும், மரம் உளுத்துப் போயிருக்கும். பிற்காலத்தில் புதுக்காம்பு போட்டவை ஏராளம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆயுதக் கிடங்கு போன்ற, பழைய படைச்சாலை அப்படியே நின்ற இடங்கள் இதனால்தான் அருமை.

## பயிற்சி ஹால்பர்ட் செய்தல்

கூர்மையான தலையோடு ஜோடிப் பயிற்சி கிடையாது. மழுங்கிய இரும்புத் தலையும் வேண்டாம். 2 மீட்டர் நெம்புகோலின் நுனியில் ஒரு கிலோ இரும்பு, மழுங்கியிருந்தாலும் எலும்பை உடைக்கும். ரப்பர்த் தலைதான் வழி.

மரம். ஐரோப்பாவில் ஆஷ் மரம். காரணம் அதன் நீண்ட நேர் இழை: வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. இறக்குமதி ஆஷ் கிடைத்தால் நல்லது. உள்ளூரில் மண்வெட்டிக்குக் காம்பு போடும் நாட்டுக் கருவேலம் உறுதியானது; ஆனால் கோணல் இல்லாமல் 180 செ.மீ. கிடைப்பது கஷ்டம், ஆஷைவிட எடையும் கூடும். தேக்கு அடி தாங்காது, சிம்பு சிம்பாகப் பெயரும். சிலம்ப மூங்கிலில் கால்வைப்பு பழகலாம். உருண்டையாக இருப்பதால் அலகுத் திசையைக் கைக்குச் சொல்லித் தராது.

மரக்கடையில் பலகையின் நான்கு பக்கமும் இழை ஓட்டத்தைப் பாருங்கள். இழைக்கோடு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை பலகையோடு ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால், காம்பு முறியப்போவது அந்தச் சாய்கோட்டில்தான். அதுவும் கூரான ஈட்டி போன்ற சிம்போடு முறியும். கணு உள்ள துண்டு வேண்டாம். ஈரம் காயாத மரமும் வேண்டாம். ஒரு மாதத்தில் வில்லாகிவிடும்.

அளவு. நீளம் 180 செ.மீ.; குறுக்கே 34 × 29 மி.மீ. செவ்வகமாக இழைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் விளிம்பிலிருந்து இரு பக்கமும் 8 மி.மீ. கோடு போட்டு, அந்தக் கோடு வரை இழைப்புளியால் சீவினால் நீள்வாக்கு எண்கோணம் வரும். 34 மி.மீ. பக்கம் அலகின் தளத்தோடு ஒத்திருக்க வேண்டும். வெட்டும்போது காம்பு வளைய முயல்வது அந்தத் தளத்தில்தான், அங்கே தடிமன் தேவை. ஆஷ் மரத்தில் இந்தக் காம்பு சுமார் 1.1 கிலோ வரும். கைக்கு 34 பெரிதாக இருந்தால் முதலில் வாலிலிருந்து நடுப்பகுதி வரை 2 மி.மீ. குறையுங்கள், தலைக்கு அருகே குறைக்காதீர்கள்.

உப்புத்தாளால் 180 எண் வரை போதும். அதற்கு மேல் மழமழப்பாக்கினால் வியர்வையில் வழுக்கும். வார்னிஷ் கையில் ஒட்டும், தலைப்பக்கம் பிடிக்கும் கை (முன்கை) சறுக்காது. வேகவைத்த ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

தலை. 5 மி.மீ. ரப்பர் ஷீட்டில் அலகு, கொக்கி, முனை மூன்றும் சேர்ந்த வரைவுருவை இரண்டு பிரதி வெட்டுங்கள். அலகு உயரம் 20 செ.மீ., காம்பிலிருந்து வெளியே 12 செ.மீ.; கொக்கி 8 செ.மீ. காம்பின் இருபுறமும் வைத்து, காம்பு இல்லாத இடைவெளியைக் கெட்டியான ஃபோம் கொண்டு நிரப்பி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசையால் ஒட்டி, கழுத்தில் பருத்திக் கயிற்றால் 15 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். முனைக்குள் மரம் போகக்கூடாது. காம்பின் நுனியைத் தாண்டி 12 செ.மீ. வெறும் ஃபோமும் ரப்பரும் இருக்க வேண்டும். குத்து பட்டால் அது மடங்க வேண்டும். தலையின் எடை 500 கிராமுக்குள் நிற்கட்டும்.

சமநிலை. ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். வாலிலிருந்து 115–120 செ.மீ. தூரத்தில் நின்றால் சரி. ஒரு கிலோ இரும்புத் தலையென்றால் 130 செ.மீ. அருகே போகும். எடை கூட்டி அதைப் போலச் செய்ய ஆசை வரும். ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

## பிடியும் நிலையும்

பின்கையை வாலிலிருந்து 25–30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். முன்கை அதிலிருந்து 60 செ.மீ. மேலே. கட்டைவிரல் இரண்டும் தலையை நோக்கி. பின்கை இறுக்கமானது, முன்கை வளையம் போலத் தளர்ந்தது. புதியவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: முன்கையை இறுக்கி, அதைக் கொண்டே ஆயுதத்தை ஆட்டுவார்கள், பத்து நிமிடத்தில் முன்தோள் செத்துவிடும்.

கணக்கு எளிது. முன்கை அச்சு, அங்கிருந்து முனை வரை சுமார் 110 செ.மீ., பின்கை வரை 60 செ.மீ. பின்கை 10 செ.மீ. நகர்ந்தால் முனை ஏறத்தாழ 18 செ.மீ. நகரும். எனவே குறி பார்ப்பது பின்கை.

பின்காலைப் பக்கவாட்டில் திருப்பி, தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக நில்லுங்கள். 1570-இல் ஸ்ட்ராஸ்பர்கில் நூல் வெளியிட்ட வாள்பயிற்சி ஆசான் யோவாகிம் மையர், நீண்ட ஆயுதங்கள் அனைத்துக்கும் கம்பே அடிப்படை என்று அதை முதலில் கற்பித்துவிட்டுத்தான் ஹால்பர்ட்டுக்கு வருகிறார். அவர் வரிசையிலிருந்து நான்கு நிலை போதும்: தலை வானத்தை நோக்கும் மேல்நிலை, முனை எதிரியின் மார்பை நோக்கும் நடுநிலை, முனை தரையை நோக்கும் கீழ்நிலை, தலை உங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் பக்கநிலை. முதல் இரண்டு வாரம் இந்த நான்குக்கும் இடையே நடந்து மாறுவது மட்டும். ஒரு பக்கத்துக்கு 20 முறை, பிறகு கை மாற்றி 20.

## குத்து, வெட்டு, வால்

குத்தில் பின்கை தள்ளும், முன்கைக்குள் காம்பு சறுக்கும், கால் கடைசியில் வரும். கை முன்னே, கால் பின்னே. கால் முதலில் போனால் உடம்புதான் முதலில் எட்டும். காம்பு முழுதாக நீண்ட பிறகும் முன்கையை விடாதீர்கள். விட்டால் தலை கீழே தொங்கிவிடும். போன கோட்டிலேயே திரும்ப இழுங்கள்.

வெட்டு மேல்நிலையிலிருந்து. முன்கையை முதலில் தலைக்கு அருகே கொண்டுபோய் எடையைத் தூக்குங்கள். வீச்சு இறங்கும்போது அந்தக் கை பின்கையை நோக்கிச் சறுக்கட்டும். விறகு பிளப்பவர் கோடாரியில் செய்வது இதேதான். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தியாசம். விறகு வெட்டு தரை வரை போகலாம். ஹால்பர்ட் வெட்டு, முனை எதிரியின் மார்பை நோக்கும் உயரத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் தவறிய வெட்டும் உடனே குத்தாக மாறும். தரையில் பட்டுவிட்டால் எதிரி உங்கள் காம்பை மிதிப்பான்.

வெட்டு ஒரு பக்கம் அடித்துச் செல்லப்பட்டால் அதைத் திரும்ப இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். அந்தத் திசையிலேயே விட்டு, ஓர் அடி உள்ளே எடுத்து வைத்து, வாலை முன்னே கொண்டு வாருங்கள். வாலிலிருந்து 25 செ.மீ. விட்டுப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒட்டக் கடைசியில் பிடிப்பவருக்கு வால் இல்லை.

## கொக்கி

இங்கேதான் ஹால்பர்ட் மற்றவற்றிலிருந்து பிரிகிறது, பலர் தப்பாகவும் செய்கிறார்கள். முழங்காலின் பின்புறம், கழுத்து, கவசத்தின் தோள் விளிம்பு, எதிரியின் காம்பு ஆகியவை கொக்கி தேடும் இடங்கள். எதிரியின் காம்பில் செய்யும் முறை:

1. நடுநிலையில் இருவர் காம்பும் ஒட்டி நிற்கட்டும். ஒட்டாமல் கொக்கி போட முயன்றால் காற்றைத்தான் இழுப்பீர்கள்.
2. பின்கையால் மெல்ல அழுத்துங்கள். எதிரி எதிர்த்து அழுத்துவான். அழுத்தாவிட்டால் நேராகக் குத்துங்கள், கொக்கி தேவையில்லை.
3. முனையைக் குத்துவதுபோல ஒரு சாண் முன்னே விடுங்கள். உங்கள் கொக்கி அவன் காம்பைத் தாண்ட வேண்டும்.
4. பின்கை மணிக்கட்டால் காம்பைக் கால் சுற்று திருப்புங்கள். கொக்கி அவன் காம்பின் மேல் இறங்கும்.
5. கையால் இழுக்காதீர்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி, முன்காலைப் பின்னே எடுத்து வையுங்கள். உடம்பு எடை இழுக்கட்டும்.
6. அவன் முன்னே சரிந்த நொடியில் மீண்டும் கால் சுற்று திருப்பி, முனையை மார்புக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

மூன்றாம் படியை விழுங்குவதுதான் வழக்கமான தவறு. கொக்கி அவன் காம்பின் இப்பக்கமே நின்று வழுக்கும். ஆறாம் படியை மறந்தால் இழுபறி விளையாட்டாகிவிடும், அதில் பாரமானவரே ஜெயிப்பார்.

முழங்கால் கொக்கியை ஜோடிப் பயிற்சியில் தொட்டு நிறுத்துவதோடு விட்டுவிடுங்கள். இழுத்து விழவைப்பது மெத்தை விரித்த இடத்தில், விழப் பழகியவரோடு மட்டும்.

## ஜோடியாகவும் அணியாகவும்

சாதாரண வாள்வீச்சு முகமூடி இதற்குப் போதாது. மெல்லிய வலையும் மறைப்பில்லாத பின்மண்டையும் காம்பின் அடியைத் தாங்காது. கெட்டியான தலைக்கவசம், தொண்டைக் காப்பு, ஓடு வைத்த கையுறை, முழங்கை, முழங்கால் காப்பு இருந்தாலும் தலையை நோக்கி முழு வீச்சு வேண்டாம். பார்க்க ஆபத்தாகத் தெரியாத விரல்கள்தான் முதலில் அடிபடும். ஒருவர் காம்பு மற்றவர் காம்பில் சறுக்கி இறங்கினால் முன்கையில்தான் வந்து நிற்கும். இரண்டு பேருக்கு 6 × 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். மேலே மின்விசிறி, விளக்கு இருக்கக்கூடாது.

நான்கைந்து பேர் சேர்ந்தால் வரிசை கட்டிப் பாருங்கள், வரலாறு உடம்பில் ஏறும். தோளோடு தோள் நின்றால் பக்கவாட்டு வெட்டு சாத்தியமே இல்லை, பக்கத்தில் நிற்பவன் முகத்தில் விழும். மேலிருந்து கீழ் வெட்டு, குத்து, இரண்டும்தான் மிஞ்சும். முழு வீச்சுக்கு ஆளுக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். அவ்வளவு விட்டால் இடைவெளியில் எதிரி புகுவான். அர்பேடோவுக்குப் பின் ஹால்பர்ட்காரர்களை ஏன் நடுவில் வைத்தார்கள் என்பது இதில் விளங்கும். முன்னே நெடு ஈட்டிகள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால், பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து, எதிரி ஈட்டிகளின் அடியிலும் இடுக்கிலும் நுழைவது அவர்கள் வேலை. ஐந்து மீட்டர் ஈட்டிக்காரனுக்கு முனைக்கு உள்ளே வந்துவிட்ட ஆளைச் செய்ய ஒன்றுமில்லை.

## காம்பைப் பார்த்துக்கொள்வது

சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். படுக்கையாக மூன்று இடத்தில் தாங்கி வையுங்கள், அல்லது செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் துணியால் நீளவாக்கில் உருவுங்கள். நூல் மாட்டினால் அங்கே சிம்பு எழுந்திருக்கிறது. மேலோட்டமான சிம்பைச் சீவி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவலாம். தலைக்கயிற்றுக்குக் கீழே முதல் 30 செ.மீ. தூரத்தைத் தனியாகக் கவனியுங்கள். அடியெல்லாம் அங்கேதான் சேரும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும்: வாலைச் சிமெண்டுத் தரையில் லேசாகத் தட்டுங்கள். கணீரென்ற ஒலி வந்தால் சரி, பொத்தென்று மந்தமாக வந்தால் உள்ளே பிளவு இருக்கலாம். விரிசல் விட்ட காம்பைப் பசை போட்டு ஒட்டி, கயிறு சுற்றி மீண்டும் எடுக்காதீர்கள். தலையைக் கழற்றிக்கொண்டு, காம்பை நான்கு துண்டாக அறுத்துவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்து வீசிப் பார்ப்பார்கள்.